உப்புத் தண்ணி, நல்ல தண்ணி

பாபு, செல்வி, என் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களோடு புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

கழிவுத் தண்ணி பிளான்ட்டில் எதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். காற்று அடிக்கிற புளோயரை எப்போது போடுவது, வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, அதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது கரண்ட் இல்லாமல் அடிக்கிற ஷாக். ஒரு திங்கட்கிழமை காலையில் வாங்கினேன். இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் எங்கே பார்த்தாலும் அபார்ட்மெண்ட் எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு அபார்ட்மெண்ட்டின் பேஸ்மெண்ட்டில் எனக்கு வேலை. மேலே உள்ள வீடுகளின் கழிவுத் தண்ணி முழுக்க எங்கள் தொட்டிகளுக்கு வரும். அதைச் சுத்தம் பண்ணி, கக்கூஸ் ஃபிளஷ்ஷுக்கும் செடிகளுக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். காற்று அடிக்கிற பெரிய தொட்டி ரெண்டு. ஒண்ணாம் தொட்டி, ரெண்டாம் தொட்டி என்றே சொல்வோம்.

சுத்தம் பண்ணுவது மோட்டார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் காற்றைத்தான் அடிக்கிறது. அழுக்கைத் தின்று தீர்ப்பது உள்ளே இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். இதை எனக்குக் காட்டியது கம்பெனி லேபிலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஒரு பெண். ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பம். காலேஜ் முடித்து அதிக நாள் ஆகவில்லை. நான் மேடம் என்பேன். "அண்ணா, என் அப்பா வயசு உங்களுக்கு, மேடம் வேணாமே" என்பாள். நான் விட்டதில்லை.

ஒருநாள் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, "பாருங்கண்ணா" என்று மைக்ராஸ்கோப்பைத் தள்ளினாள். செருப்பு மாதிரி ஒன்று உருண்டு உருண்டு ஓடுகிறது. காம்பில் மணியைக் கவிழ்த்த மாதிரி இன்னொன்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயைத் திறந்து மூடித் தின்கிறது. எல்லாம் ஒரே ஒரு செல் உள்ள உயிராம். செருப்புக்குள்ளே ரெண்டு கொப்புளம். மெதுவாக ஊதுகிறது, சட்டென்று சுருங்கிக் காணாமல் போகிறது, மறுபடி ஊதுகிறது.

"இதயமா மேடம்?"

"இல்லண்ணா, பம்ப்பு. அது உடம்புக்குள்ள உப்புச் சத்து ஜாஸ்தி, வெளியில கம்மி. உப்பு இருக்கிற பக்கம் தண்ணி தானா கசிஞ்சு வரும். வெள்ளரிக்காய்ல உப்புத் தூவினா காய்க்குள்ள இருக்கிற தண்ணி வெளியில வருதில்ல, அந்த மாதிரி. அதனால இது ராப்பகலா தண்ணியை இறைச்சு வெளியே கொட்டிக்கிட்டே இருக்கு."

"நிறுத்திட்டா?"

"ஊதி வெடிச்சிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணியிலேயே பிறந்து தண்ணியிலேயே கிடக்கிற ஒன்று, தண்ணி ஏறிச் சாகுமா? அன்று முழுக்க தொட்டி ஓரத்தில் நின்று நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எனக்கு ஞாயிறு லீவு. திங்கள் காலை பேஸ்மெண்ட் படி இறங்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது. நன்றாக ஓடுகிற பிளான்ட்டில் மழை பெய்த மண் வாசம்தான் வரும். அன்று வந்தது அழுகிய முட்டைக்கோஸ் வாசம். காபி நிறத்தில் இருக்க வேண்டிய தொட்டித் தண்ணி வெளுத்துச் சாம்பலாகக் கிடந்தது. வெளியே போகிற குழாயில் அரிசி கழுவின தண்ணி மாதிரி வருகிறது. நம் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஒருவருமே இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

பம்ப் ஆபரேட்டர் மணி அங்கேதான் நின்றிருந்தான். மேலே வீடுகளுக்குப் போகிற தண்ணி அவன் பொறுப்பு. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவந்து ஈஜிபுராவில் நம் வீட்டுக்கு அடுத்த சந்தில் அப்போதுதான் குடிவைத்திருந்தான்.

"மணி, நேத்து என்னடா விட்டீங்க இதுல?"

"ஒண்ணும் இல்லண்ணே. உப்புத் தண்ணி மட்டும்தான்."

"அது தினம் வர்றதுதானே. போர்வெல் தண்ணிக்கு இப்படி ஆகாதே."

"போர் தண்ணி இல்லண்ணே. சாஃப்ட்னர் கழுவின உப்புத் தண்ணி."

இந்த ஊரில் போர்வெல் தண்ணிக்கே உப்புத் தண்ணி என்றுதான் பேர். கன்னடத்திலும் உப்பு நீரு. காவேரித் தண்ணி என்றால் நல்ல தண்ணி. ஆனால் போர் தண்ணியில் இருப்பது வெறும் சுண்ணாம்புக் கடுப்பு. அந்தக் கடுப்பை எடுக்கத்தான் சாஃப்ட்னர் என்ற மெஷின். அது களைத்துப்போனால் மூட்டை மூட்டையாகச் சமையல் உப்பைக் கரைத்துவிட்டுக் கழுவ வேண்டும். கழுவி வருகிற தண்ணி ஊறுகாய் ஜாடித் தண்ணி மாதிரி இருக்கும். இதுநாள் வரை அது ரோட்டுச் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் தென்னங்கன்று கருகிப்போய், சனிக்கிழமை அவர் கேட்டில் வந்து சண்டை போட்டிருக்கிறார். மணி மேனேஜருக்குப் போன் பண்ணி, "சார், உப்புத் தண்ணியை நம்ம பிளான்ட்டுக்கே திருப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். "திருப்புப்பா, அதுக்கெல்லாம் எனக்கு எதுக்குப் போன் பண்றே" என்று அவர் வைத்துவிட்டார். ஞாயிறு முழுக்கக் கழுவல்.

மேனேஜர் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு பம்ப் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ தேவரே! உப்பு நீருன்னா போர்வெல் தானேப்பா! நான் போர் லைனுன்னு நினைச்சேனே!"

"சார், நான் உப்புத் தண்ணின்னு சரியாத்தானே சொன்னேன்..."

"சும்னிரு, பேசாதே!" என்று எழுந்தார். பயந்த மனுஷனுக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரங்க கமிட்டி மீட்டிங். அதுக்குள்ள பிளான்ட் உயிரோட இருந்தா பொழச்சே. செத்துதுன்னா நீ கேட்டுக்குள்ள வராதே. யாரு பண்ணினதுன்னு கேப்பாங்க, நான் ஒரு ஆளைக் காட்டணும்."

மணி என்னைப் பார்த்தான். நான் செக்யூரிட்டி ரூமுக்கு ஓடி மேடத்துக்குப் போன் போட்டேன்.

அவள் வருவதற்குள் மேனேஜர் காவேரித் தண்ணி டேங்கர் வரவழைத்துவிட்டார். உப்பு ஏறிவிட்டதா, பாதியை வெளியே எடு, நல்ல தண்ணியை ஊற்று, முடிந்தது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குழம்பில் உப்பு கூடினால் வீட்டில் அதைத்தானே செய்கிறோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒண்ணாம் தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு நல்ல தண்ணியை நிரப்பினோம். ஹோஸைத் தூக்கி ரெண்டாம் தொட்டிக்குப் போட்டபோது மேலே ஸ்கூட்டர் சத்தம்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். ரெண்டு தொட்டியிலும் சொட்டு எடுத்தாள். முதலில் ரெண்டாம் தொட்டிச் சொட்டைப் பார்த்தாள். "இருக்குண்ணா!" என்றாள். "கவுத்த மணி மாதிரி இருந்ததெல்லாம் காம்பை விட்டுப் போயிடுச்சு. ஆனா செருப்பு கொஞ்சம் உயிரோட இருக்கு. பாருங்க." பார்த்தேன். வற்றல் போட்ட மாதிரி ஒடுங்கி, நகர முடியாமல் நகர்ந்தன. கொப்புளம் ஊதுவது தெரியவே இல்லை. நிறைய நேரம் உற்றுப் பார்த்தால் ஒருமுறை ஊதியது. வெளியே இவ்வளவு உப்பு இருக்கும்போது உள்ளே தண்ணி வருவது குறைந்துவிட்டதாம். இறைக்க வேலை இல்லாததால் பம்ப் நின்ற மாதிரி ஓடுகிறதாம்.

அப்புறம் ஒண்ணாம் தொட்டிச் சொட்டு. குனிந்து பார்த்தாள். என் தோளைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அதில் ஒன்றுமே இல்லை பிள்ளைகளே. கிழிந்த தோலும் சிதறின துணுக்கும்தான். கடைசியாக ஒரே ஒரு செருப்பு பந்து மாதிரி உருண்டையாக ஊதி நின்றது. நான் பார்க்கும்போதே ஓரத்தில் பிரிந்து, உள்ளே இருந்தது புகை மாதிரி வெளியே கொட்டி, இல்லாமல் போயிற்று.

உப்பு கொல்லாமல் விட்டதை நல்ல தண்ணி கொன்றுவிட்டது. பம்ப்பை மெதுவாக்கி உப்போடு ஒத்துப்போயிருந்த நேரத்தில், நாங்கள் திடுமென்று நல்ல தண்ணியைக் கொட்டினோம். வெள்ளம் உள்ளே ஏறுகிற வேகத்துக்கு அதுகளால் இறைக்க முடியவில்லை.

"நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் டேங்கர் டிரைவர் ஹோஸையே கீழே போட்டுவிட்டார். ஓடிப்போய் ரெண்டாம் தொட்டி முன்னால் நின்றுகொண்டாள்.

"காவேரித் தண்ணியை வேணாம்னு சொன்ன முதல் ஆளு பெங்களூர்லயே நீங்கதான் மேடம்" என்றார் டிரைவர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "மேடம், மீட்டிங் இருக்கு. சும்மா விட்டா இது சரியாகுமா? பொறுப்பு யாருது? உங்களுதா?"

அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "என்னுது."

அப்புறம் லேப் பெட்டியை எடுக்கிற சாக்கில் என்னிடம் வந்தாள். "அண்ணா, நான் இதைப் படிச்சிருக்கேன். உப்பு ஏறுறதைவிட உப்பு சட்டுனு இறங்குறதுதான் ஆபத்துன்னு. ஆனா ஒரு பிளான்ட்டுல பண்ணிப் பார்த்ததில்லை."

அடுத்த ஷாக் எனக்கு அது. இவள் முழுக்கத் தெரிந்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு நிற்கிறாள். பாபு, இதை நீ ரெண்டு முறை படி. எங்கே தெரியவில்லையோ அங்கே சத்தமாகப் பேசுகிற பழக்கம் உனக்கு உண்டு.

மேனேஜர் விடுவதாக இல்லை. மத்தியானத்துக்குள் பக்கத்து அபார்ட்மெண்ட் பிளான்ட்டில் கேட்டு, அங்கே கொழுகொழுவென்று ஓடுகிற சேற்றை டிரம்மில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "தண்ணி வேணாம்னீங்க, சரி. நல்ல ஜாதிப் பூச்சி கொண்டு வந்திருக்கேன். இதையாவது ரெண்டாம் தொட்டியில கொட்டுங்க. நம்முது எல்லாம் அரைச் சாவு மேடம். இதுங்க வந்து வேலையைப் பார்க்கும்."

அவள் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "ஒரு சொட்டுல பார்த்துடலாம் சார்" என்றாள். ரெண்டாம் தொட்டித் தண்ணிச் சொட்டில், வந்த சேற்றிலிருந்து ஊசிமுனை அளவு விட்டாள். மேனேஜரையே முதலில் பார்க்கச் சொன்னாள்.

"அடேயப்பா, என்ன ஓட்டம்! நம்மாளுங்களை இடிச்சுத் தள்ளிட்டுப் போகுது பாருங்க. நான் சொல்லலே?"

"டீ குடிச்சிட்டு வந்து பார்க்கலாம் சார்."

மணிதான் டீ வாங்கிவந்தான். டீ முடிந்ததும் மேனேஜர் மறுபடி குனிந்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது. எனக்கு இடம் விட்டார்.

கொழுத்து வந்ததெல்லாம் சுருங்கி, ஓட்டம் நின்று அங்கங்கே கிடந்தன. காலையில் அரைச் சாவாகத் தெரிந்த எங்கள் செருப்புகள் அதுகளைச் சுற்றிக்கொண்டு மெதுவாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரே சொட்டு, ஒரே சாப்பாடு.

"வேற நாளா இருந்தா வந்ததுங்கதான் ஜெயிச்சிருக்கும் சார்" என்றாள் அவள். "நம்முதோட சாப்பாட்டையும் சேர்த்துத் தின்னிருக்கும். ஆனா இந்த உப்புல இறைக்கிற வேகத்தை மாத்திக்கிட்டது நம்முதுதான். யார் பலசாலின்னு தண்ணிதான் முடிவு பண்ணுது. ரெண்டாம் தொட்டியில எதையும் கொட்ட வேணாம். வீடுங்கள்லருந்து வர்ற தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுவோம். உப்பு மெதுவா இறங்கட்டும். இதுங்களும் பெங்களூர் ஜனம்தானே சார், ஸ்வல்ப டைம் குடுத்தா அட்ஜஸ்ட் ஆயிக்கும்."

மேனேஜர் சிரித்தது போலவும் இருந்தது, அழுதது போலவும் இருந்தது.

அந்த வாரம் எங்கள் வேலை எதையும் செய்யாமல் இருப்பது. இந்தத் தொழிலில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான். வருகிற கழிவில் கொஞ்சத்தை மட்டும் ரெண்டாம் தொட்டிக்கு விட்டோம். மிச்சத்தை லாரி வைத்து எடுத்துப்போகச் சொன்னோம். சாஃப்ட்னர் கழுவுவதை அடியோடு நிறுத்தினோம். அதனால் மேலே குழாயில் நேராகப் போர் தண்ணி. "மேனேஜர் சார், எங்க வீட்டுல உப்புத் தண்ணி வருது" என்று போன் மேல் போன். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "எந்த உப்புத் தண்ணிம்மா? சரியா சொல்லுங்கம்மா!" என்று கத்துவார்.

நடுவில் தொட்டி இன்னும் கலங்கியது. பொடிப்பொடியாக வால் உள்ள உயிர்கள் ஈசல் மாதிரி பெருகின. பிளீச்சிங் பவுடர் போட்டுவிடலாமா என்று மேனேஜருக்குக் கை பரபரத்தது. "போட்டி இல்லாத இடத்துல பொடிசுங்கதான் முதல்ல ஆடும் சார். செருப்பு பெருகினா தீனிக்குப் போட்டி வந்துடும், இதுங்க தானா அடங்கும். கடைசியா காம்புல உட்கார்ந்து தின்னுற மணிங்க வரும். அது வந்துட்டா நாம ஜெயிச்சோம்" என்றாள். மணி தினமும் வேலைக்கு வந்தான். தினமும் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

சனிக்கிழமை அந்தப் பேஸ்மெண்ட்டில் மண் வாசம் வந்தது. அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டாம் தொட்டிச் சேற்றை ஒண்ணாம் தொட்டிக்கும் பகிர்ந்து விட ஆரம்பித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காமல் நான் மீட்டிங் நடந்த இடத்துக்கு வெளியே நின்றேன். மணியும் நின்றான். உள்ளே ஒருவர் கேட்டது வெளியே எங்கள் காதிலும் விழுந்தது: "பிளான்ட்டில் உப்பைக் கொட்டினது யாரு? ஆளு பேரு என்ன?"

மணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

மேனேஜர் குரல் வந்தது. "அவன் உப்புத் தண்ணின்னு சொன்னான். நான் போர் தண்ணின்னு புரிஞ்சுக்கிட்டேன். திருப்பச் சொன்னது நான். இனிமே அந்த வார்த்தை பிளான்ட்டுல கிடையாது. போர் தண்ணி, சாஃப்ட்னர் தண்ணி, காவேரித் தண்ணி. அவ்வளவுதான்."

ஒரு ஆளைக் காட்டணும் என்று சொன்னவர் தன்னையே காட்டிவிட்டார். அந்த வாரம் வாங்கிய ஷாக்குகளில் இதுதான் எனக்குப் பெரியது.

மறுநாள் மேடம் வந்தாள். ரெண்டாம் தொட்டிச் சொட்டில் காம்பு வைத்த மணி ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அதுவரை மைக்ராஸ்கோப் பக்கமே வராத மணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "உன் வேலையைக் காப்பாத்தினவங்களைப் பாரு" என்றாள். அவன் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் மூடிப் பார்த்தான்.

"அண்ணே, செருப்புக்குள்ள ஏதோ ஊதி ஊதி அடங்குது. மூச்சு விடுதா?"

"இல்லடா. உள்ள ஏறுற தண்ணியை இறைச்சுக் கொட்டுது."

"பம்ப் ஆபரேட்டரா?" என்று முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான். "நம்ம ஆளு! மேடம், இதுக்கு வார லீவு உண்டா?"

"லீவு எடுத்தா வெடிச்சிடும் மணி."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி குனிந்தான். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்துபோய், சாஃப்ட்னர் லைன் வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.